கொழு கொழு குழந்தை

நமது வீடுகளுக்குக் குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள், அது முகம் பார்த்துச் சிரிக்கிறதா, தவழ்கிறதா, பேச்சு வந்துவிட்டதா என்றெல்லாம் விசாரிப்பதற்கு முன்னால், "ஏன் குழந்தை இப்படி இளைத்திருக்கிறது?" என்று கேட்டு விடுகிறார்கள். கேட்டவர் காபி சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். குழந்தையின் தாயாருக்கு அன்றிரவு தூக்கம் வராது. மறுநாள் காலையில் பருப்புச் சாதத்தில் ஒரு கரண்டி நெய் கூடுதலாக விழும். கன்னம் புடைத்து, கைகால்களில் மடிப்பு மடிப்பாய்ச் சதை விழுந்து, எடுத்தவர் இடுப்பு ஒடியும்படி கனக்கும் குழந்தைக்கோ வீட்டில் ராஜோபசாரந்தான். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைப்பதும், அந்தி வேளையில் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவதும் அந்தக் குழந்தைக்கே.

இந்த ஆசை நம்மவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் பரிகாசம் செய்ய மனம் வராது. 1876 முதல் 1878 வரையில் சென்னை ராஜதானியைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டிமார் பேரன் பேத்திகளுக்குச் சொல்லி வந்தார்கள். 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டார்கள். சுதந்திரம் வந்த பிறகும் வெகு காலம் ரேஷன் கடை வாசலில் பையும் கையுமாக நின்ற தேசம் இது. இளைத்த குழந்தைக்குப் பேதி கண்டால் பிழைக்காது. சதைப்பற்றுள்ள குழந்தை பிழைத்தாலும் பிழைக்கும். தாய்மார்கள் கண்ணால் கண்ட உண்மை இது. அந்த நாளில் குழந்தையின் உடம்பில் ஏறிய சதை, பாங்கியில் போட்ட பணம் மாதிரி. பால்மாவு வியாபாரிகள் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். டப்பாவின்மேல் பூசணிக்காய் போன்ற ஒரு குழந்தையின் படத்தைப் போட்டு, உன் குழந்தையும் இப்படி ஆக வேண்டாமா என்று தாய்மாரைக் கேளாமல் கேட்டார்கள். 1992-ல் நமது பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றி, அந்த டப்பாக்களில் குழந்தைப் படம் போடுவதையே தடுத்துவிட்டது. டப்பாவை விட்டுப் படம் போய்விட்டது. நம் மனத்தை விட்டு இன்னும் போகவில்லை.

ஆனால் காலம் மாறிவிட்டது. 1990-ல் இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் மிதமிஞ்சிய பருமன் கொண்டவர்கள் சுமார் நான்கு லட்சம் பேர். 2022-ல் அந்தத் தொகை ஒரு கோடியே இருபத்தைந்து லட்சம் என்று சர்வதேச ஆராய்ச்சியாளர்கள் கூடிக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் எழுபத்து மூன்று லட்சம் பேர் ஆண் பிள்ளைகள். முப்பத்திரண்டு வருஷத்தில் முப்பது மடங்கு! ஜனத்தொகை பெருகியதைக் கழித்துப் பார்த்தாலும் இது சாமான்ய விஷயமல்ல. உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், யூனிசெப் ஸ்தாபனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, அந்த வயதினரில் எடை குறைந்தவர்கள் நூற்றுக்கு 9.2, மிதமிஞ்சிய பருமன் உடையவர்கள் 9.4. பசியால் வாடிய பிள்ளைகளின் தொகையைப் பருத்த பிள்ளைகளின் தொகை தாண்டியது சரித்திரத்திலேயே இதுதான் முதல் தடவை.

"பட்டினி ஒழிந்தது, பருமன் வந்தது, பணம் வந்தால் இப்படித்தான்" என்று நேயர்களில் சிலர் நினைக்கலாம். விஷயம் அவ்வளவு சுலபமாயில்லை. 2019 முதல் 2021 வரையில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 35.5 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் குறுகியிருக்கக் கண்டார்கள். பட்டினி ஒழிந்துவிடவில்லை. ஒழியாத பட்டினியும் புதிதாக வந்த பருமனும் ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில், குடியிருக்கின்றன. அது மட்டுமல்ல, ஒரே குழந்தையின் உடம்பிலேயே இரண்டும் குடியிருக்கக்கூடும் என்று நம் நாட்டு வைத்தியர்கள் கண்டு சொல்லியிருக்கிறார்கள். இந்த விந்தையைச் சற்று விவரமாகவே சொல்ல வேண்டும்.

புனா நகரத்து கே.இ.எம். ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் என்பவர் 1993-ல் தம் சகாக்களுடன் அந்நகருக்கு அருகேயுள்ள ஆறு கிராமங்களில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அங்கே கர்ப்பமடைந்த பெண்கள் வயல் வேலையும் செய்து, வீட்டு வேலையும் செய்து, எல்லோரும் உண்ட பிறகு மிஞ்சியதை உண்கிறவர்கள். கர்ப்பத்துக்கு முன் அவர்களுடைய சராசரி எடை சுமார் 42 கிலோதான். அவர்கள் பெற்ற குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தில் ஸௌதாம்ப்டன் நகரில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 3.5 கிலோ. நம் குழந்தைகள் சிறியவை என்பது எல்லாருக்கும் முன்பே தெரிந்ததுதான். எதில் சிறியவை என்று அளந்து பார்த்தபோதுதான் ஆச்சரியம் காத்திருந்தது. வயிற்றுச் சுற்றளவு குறைவு, தசை குறைவு. ஆனால் முதுகுப்புறத் தோலைக் கிள்ளி எடுத்து, அடியிலுள்ள கொழுப்பைக் கருவி கொண்டு அளந்தால், அது மட்டும் வெள்ளைக்காரக் குழந்தைக்கு ஏறக்குறைய சமமாயிருந்தது. அரும்பாடுபட்டுக் கிடைத்த கொஞ்ச ஆகாரத்தில், கருவிலிருந்த சிசு தசையைத் தியாகம் செய்து கொழுப்பைக் காப்பாற்றிக் கொண்டுவிட்டது! பார்வைக்கு ஒல்லி; உள்ளே கொழுப்பு. 'மெலிந்த கொழுப்புக் குழந்தை' என்று யாஜ்னிக் அதற்குப் பெயர் வைத்தார்.

வளர்ந்த பிறகும் இந்தக் கூறு மாறுவதில்லை. 2004-ல் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் நகரத்து டாக்டர் ஜான் யட்கினும் சேர்ந்து நின்று எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படம் 'லான்ஸெட்' என்னும் பிரபல வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. எடையைக் கிலோக் கணக்கில் எழுதி, உயரத்தின் மீட்டர் கணக்கை அதனாலேயே பெருக்கி வரும் தொகையால் வகுத்தால் உடல் எடைக் குறியீடு என்னும் ஓர் எண் கிடைக்கும். இரண்டு டாக்டர்களுக்கும் அந்த எண் 22.3, இம்மி வித்தியாசமில்லை. ஆனால் உடம்பிலுள்ள கொழுப்பு, ஆங்கிலேயருக்கு நூற்றுக்கு 9.1, நம்மவருக்கு 21.2. தராசு இருவரையும் ஒன்றென்று சொல்லிற்று. தராசுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்!

நிற்க. இப்படிப் பிறந்த குழந்தையைப் பிற்பாடு என்ன செய்தால் கெடுதல் நேரும் என்பதற்கு டில்லியில் விடை கிடைத்தது. 1969 முதல் 1972 வரையில் தெற்கு டில்லியின் ஒரு பகுதியில் பிறந்த குழந்தைகளை, டாக்டர் சந்தோஷ் பார்கவாவும் அவரைச் சேர்ந்தவர்களும் விடாமல் பின்தொடர்ந்து எடையும் உயரமும் குறித்து வந்தார்கள். வீடு மாறினவர்களையும் தேடிப் போனார்கள். நம் நாட்டில் ஒரு காரியத்தைத் தொடங்குவது அபூர்வமல்ல. முப்பது வருஷம் கைவிடாமல் நடத்துவதுதான் அபூர்வம். அந்தக் குழந்தைகள் 26 முதல் 32 வயது வரையுள்ள ஸ்திரீ புருஷர்களான பிறகு, 1,492 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 4.4 பேருக்கு அந்த இளம் வயதிலேயே நீரிழிவு. இன்னும் 10.8 பேர் அதன் வாசற்படியில் நின்றார்கள். உடனே பழைய நோட்டுப் புத்தகங்களைப் புரட்டினார்கள். இவர்கள் பால்யத்தில் கொழு கொழுவென்றிருந்த குழந்தைகளா? அதுதான் இல்லை! இரண்டு வயது வரையில் மற்றவர்களை விட மெலிந்திருந்தவர்கள் இவர்களே. அதன் பிறகுதான் மற்றவர்களை முந்திக்கொண்டு சதை போட ஆரம்பித்து, பன்னிரண்டு வயது வரையில் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போயிருக்கிறார்கள். பன்னிரண்டு வயதில்கூட அவர்களில் ஒருவரையும் பருமன் என்று சொல்வதற்கில்லை. பார்த்தவர்கள், "இப்போதுதான் உடம்பு தேறியிருக்கிறது" என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

ஆகவே, பருத்த குழந்தை மட்டுமே ஆபத்திலிருக்கிறது என்று எண்ண வேண்டாம். மெலிவாய்ப் பிறந்து வேகமாய்ச் சதை போடும் குழந்தையைத்தான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். நம் வீடுகளில் அளவுக்கு மீறி ஊட்டப்படுவதும் அந்தக் குழந்தைதானே? தடித்த குழந்தைக்கு யார் வற்புறுத்தி ஊட்டுகிறார்கள்?

இங்கே இயற்கையின் ஒரு விதியைத் தாய்மார்கள் தெரிந்துகொள்வது நலம். முதல் வருஷத்தில் குழந்தை தளதளவென்று திரளும். நடக்கத் தொடங்கிய பின் உயரம் ஓங்கும், சதை வற்றும். நாலைந்து வயதில் விலா எலும்பு லேசாகத் தெரியும், கன்னம் ஒட்டியிருக்கும். சுமார் ஆறு வயதில்தான் மறுபடி சதை பிடிக்கும். இந்த மறு ஏற்றம் ஐந்தரை வயதுக்கு முன்னதாகவே வந்துவிட்ட குழந்தைகள் பிற்பாடு பருமனாகும் சம்பவம் அதிகம் என்பதைப் பிரெஞ்சு தேசத்து ஆராய்ச்சியாளர்கள் 1984-லேயே எடுத்துக் காட்டினார்கள். நாலு வயதுப் பையன் ஒல்லியாக ஓடியாடிக் கொண்டிருந்தால் அவன் தன் வயதுக்குரியபடி இருக்கிறான். நாமோ அதே வயதில்தான் அவனைத் துரத்தித் துரத்தி, நிலாவைக் காட்டி, காக்காயைக் காட்டி, இப்போது கைப்பேசியையும் காட்டி ஊட்டுகிறோம். வயிறு நிரம்பியது என்று குழந்தையின் உடம்பு சொல்வதை அதன் காதில் விழாமல் அடிப்பதற்கு இதை விடச் சிறந்த உபாயம் கிடையாது. நிலாவைப் பார்த்து உண்ட குழந்தை நாலு வாய்க்குப் பின் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கைப்பேசி பார்க்கும் குழந்தை திருப்பிக்கொள்ளாது; வாயைத் திறந்துகொண்டே இருக்கும்.

இனி, சதை போடுவது எதனால் என்று பார்ப்போம். பரம்பரை ஒரு காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முப்பது வருஷத்தில் ஒரு ஜாதி ஜனங்களின் பரம்பரை மாறிவிடாது. மாறியவை நமது சமையலறையும் வீதியுமே.

சமையலறையில் பெரிய மாறுதல் சோற்றிலல்ல. சோற்று வேளைகளுக்கு இடையில் வந்து சேர்ந்த பதார்த்தங்களில்தான். பண்டிகைக்கு ஒரு தரம் எண்ணெய்ச் சட்டி வைத்த வீடுகளில், இன்று பொட்டலத்தில் வந்த வறுவல் தினந்தோறும் அலமாரியில் இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்த குழந்தைக்கு பிஸ்கட். பாலில் கலக்க மால்ட் மாவு. அந்த மாவில் கணிசமான பங்கு சர்க்கரைதான். உயரம் வளரும், மூளை வளரும் என்று விளம்பரம் செய்யப்படும் அந்தப் பானங்களுக்குச் சட்டத்தில் 'ஆரோக்கிய பானம்' என்ற வகையே கிடையாதென்று கண்டு, இணைய வியாபார ஸ்தாபனங்கள் அத்தலைப்பின் கீழ் அவற்றை விற்கக் கூடாதென 2024 ஏப்ரலில் மத்திய சர்க்கார் அறிவுறுத்தினார்கள். விருந்தாளி வந்தால் பாட்டில் குளிர்பானம். ஒரு 300 மில்லி பாட்டிலில் 30 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கும். எட்டு வயதுக் குழந்தைக்கு நாள் முழுவதிலும் தனியாகச் சேர்க்கும் சர்க்கரை சுமார் 20 கிராமுக்குள் அடங்கினால் உத்தமம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கிலிருந்து கிடைக்கும் அளவு. இந்தக் குழந்தை அதை ஒரே மூச்சில் தாண்டிவிட்டுச் சாப்பாட்டுக்கு உட்காருகிறது. குடித்த சர்க்கரை பசியை அடக்குவதுமில்லை. மோரும் நீராகாரமும் இருந்த இடத்தில் இது வந்து உட்கார்ந்திருப்பதைத் தேசத்தின் பொருளாதாரத்துக்கும் நஷ்டம் என்று சொல்லக்கூடிய நேயர்கள் இருப்பார்கள். அவர்களோடு நாம் சண்டைக்குப் போகப் போவதில்லை.

வீதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுமா? கிட்டிப்புள்ளும் பச்சைக் குதிரையும் பாண்டியும் ஆடிய இடத்தில் மோட்டார் வண்டிகள் நிற்கின்றன. சில பள்ளிக்கூடங்களுக்கு மொட்டை மாடியே மைதானம். தேகப்பயிற்சி வகுப்பைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார், திருப்பித் தருவதில்லை. மாலையில் டியூஷன், இரவில் கைப்பேசி. நேரம் கழித்துத் தூங்குகிற குழந்தைக்குப் பசியும் அதிகம், எடையும் ஏறுகிறது என்பது பல ஆராய்ச்சிகளில் தெளிவாகியிருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் பள்ளி மாணவர்களைச் சோதித்து 2002-ல் வெளியிட்ட முடிவும் இதுவே: வசதியான வீட்டுப் பிள்ளைகளிடமும் ஓடியாடாத பிள்ளைகளிடமும் அதிக எடை மிகுதி. பெண் குழந்தைகளின் பாடு இன்னும் கஷ்டம். பத்து வயதானால் போதும், "பெண் பிள்ளைக்கு என்ன ஓட்டம்?" என்று நாமே உள்ளே கூப்பிட்டு உட்கார்த்தி விடுகிறோம். பிறகு மாதவிலக்கு ஒழுங்காக வரவில்லையென்று டாக்டரிடம் அழைத்துப் போகிறோம்.

விளைவுகளில் வீட்டுப் பெண்மணிகள் கண்ணாலேயே கண்டுபிடிக்கக்கூடியது ஒன்று உண்டு. பருத்த சில குழந்தைகளுக்குக் கழுத்தின் பின்புறத்திலும் கக்கத்திலும் தோல் கறுத்து, வெல்வெட்டுத் துணி போல் தடித்துவிடும். அழுக்கென்று நினைத்து, பயத்தம் மாவும் பீர்க்கங்கூடும் கொண்டு தேய்த்துத் தேய்த்துக் குழந்தையை அழ வைக்கிறவர்கள் அநேகர். அது அழுக்கல்ல. இன்ஸுலின் என்னும் சுரப்புக்கு உடம்பு செவி சாய்க்க மறுக்கிறது. உடம்பு மேலும் மேலும் இன்ஸுலினைச் சுரந்து தள்ளுகிறது. அதன் அடையாளமே அந்தக் கறுப்பு. அதைக் கண்டவுடன் சோப்பை வைத்துவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒரு காலத்தில் நாற்பது வயதுக்கு மேல் வரும் என்று பெயர் பெற்ற நீரிழிவு, பதினைந்து வயதிலும் வருகிறதற்கு முதல் அறிவிப்பு பல சமயங்களில் இதுதான்.

மற்றவை கண்ணுக்குத் தெரியாதவை. ஈரலில் கொழுப்புப் படிகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. தூக்கத்தில் குறட்டை விட்டு, நடு நடுவே மூச்சு நின்று நின்று வருகிற குழந்தை பகலில் வகுப்பில் தூங்கி வழியும். வாத்தியார் சோம்பேறி என்று பெஞ்சின் மேல் ஏற்றுவார். பாரம் தாங்காமல் இடுப்பு எலும்பு நழுவுவதுண்டு. கொழுப்பைச் சேர்த்து வைக்கும் அணுக்களின் எண்ணிக்கை பால்யத்திலும் வாலிபத்திலுமே நிர்ணயமாகிவிடுகிறது. பிறகு மெலிந்தாலும் அணுக்கள் சுருங்குமே தவிர அவற்றின் தொகை குறைவதில்லையென்று 2008-ல் ஸ்வீடனிலிருந்து வந்த ஆராய்ச்சி சொல்லுகிறது. பதின்மூன்று, பதினான்கு வயதில் மிகப் பருமனாயிருப்பவர்களில் ஐந்தில் நாலு பேர் பெரியவர்களான பின்பும் அப்படியே இருப்பதற்கு இது ஒரு காரணமாயிருக்கலாம்.

எல்லாவற்றிலும் கொடியது பரிகாசம். குண்டன், பூசணிக்காய், யானைக்குட்டி என்று வகுப்பில் பெயர் வைக்கிறார்கள். கல்யாண வீட்டில் பெரியவர்களே கன்னத்தைக் கிள்ளிச் சிரிக்கிறார்கள். ஐந்து வயது வரையில் எந்தச் சதைக்காகக் குழந்தையைக் கொண்டாடினோமோ, அதே சதைக்காகப் பத்து வயதில் அதைத் தலைகுனிய வைக்கிறோம். குழந்தையின் புத்திக்கு இந்த நியாயம் விளங்குவதில்லை. ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்காமல் ஒதுங்கி, தனியாக உட்கார்ந்து, மனக்கசப்புத் தீர மறுபடியும் எதையாவது தின்கிறது. பெருந்தீனிக்காரனென்று அதைத் தூஷிப்பவர்கள், பிஸ்கட் டப்பாவைக் கடையிலிருந்து வாங்கி வந்தது யார் என்று யோசிக்க வேண்டும்.

சர்க்காரும் ஏதோ செய்திருக்கிறார்கள். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்கூடத்துச் சிற்றுண்டிச்சாலையிலும், வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கலாகாது என்று 2020-ல் விதி செய்தார்கள். 2025 மே மாதத்தில் மத்தியக் கல்வி வாரியமான சி.பி.எஸ்.இ., எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் பலகைகளைத் தன் பள்ளிகளில் மாட்ட உத்தரவிட்டது. விதி நல்ல விதிதான். ஆனால் 50 மீட்டர் என்பது பத்து வயதுப் பையனுக்கு அரை நிமிஷ ஓட்டம். அவன் அன்றைக்கு ஓடுகிற ஒரே ஓட்டம் அதுவாகக்கூட இருக்கும். தென்னமெரிக்காவில் சிலி தேசத்தார் 2016 முதல் இத்தகைய பண்டங்களின் உறைமேலேயே கறுப்பு நிற எண்கோண முத்திரை குத்தச் செய்திருக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அந்தக் கறுப்பு முத்திரை விளங்கும்.

வீட்டில் செய்யக்கூடியது என்ன? முதலாவது, கர்ப்பிணியின் இலை. புனா கிராமங்களிலேயே, கீரையும் பழமும் பாலும் அடிக்கடி உண்ட தாய்மாரின் குழந்தைகள் மற்றவற்றை விடப் பெரியவையாய்ப் பிறந்தன. பேரனுக்கு ஊட்டவிருக்கும் நெய்யைப் பற்றிப் பாட்டி கவலைப்படுவதற்கு முன், மருமகள் கடைசியில் உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிடுகிறாளா என்று பார்ப்பது உத்தமம். அடுத்தபடி, ஆறு மாதம் வரையில் தாய்ப்பால் மட்டும். அதன் பிறகு குழந்தை முகத்தைத் திருப்பினால் கிண்ணத்தைக் கீழே வைத்துவிடும் மனோதைரியம் வேண்டும். இது எல்லாவற்றையும் விடக் கஷ்டம்.

ஏற்கெனவே பருத்துவிட்ட குழந்தையைப் பட்டினி போடுவது கூடவே கூடாது. வளரும் எலும்புக்கும் தசைக்கும் வேண்டிய சத்து அதனால் பாழாகும். ஒரே பந்தியில் அண்ணனுக்கு வடையும் தம்பிக்கு வெள்ளரிக்காயும் போடுவது அதைவிட மோசம். வடை வேண்டாமென்றால் வீட்டில் யாருக்குமே வேண்டாம். பருமனோடு உயரமும் வயதுக்குக் குறைந்திருந்தால், சுரப்பிக் கோளாறு உண்டா என்று டாக்டர் பார்க்க வேண்டும். மற்றக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு எடை இறங்க வேண்டுமென்பதுகூட இல்லை, ஏறாமல் நின்றால் போதும் என்று குழந்தை வைத்தியர்கள் சொல்கிறார்கள். குளிர்பானம் நின்று, தினம் ஒரு மணி நேரம் ஆட்டம் கிடைத்து, பையனின் எடை ஒரு வருஷம் இருந்த இடத்திலேயே இருந்தால், அவன் உயரம் நாலைந்து சென்டிமீட்டர் ஓங்கிவிடும். தீபாவளிக்குத் தைத்த கால்சட்டை அடுத்த தீபாவளிக்குக் கணுக்காலுக்கு மேல் ஏறியிருக்கும். இடுப்பு மட்டும் பழையபடி சரியாயிருக்கும். பார்க்க வருகிறவர்கள், "ஏன் பையன் இப்படி இளைத்துவிட்டான்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும், அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.